போருக்குப் பின் கிணறும் குழாயும் மின்கம்பமும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் இலங்கையின் வடக்கே உள்ள வன்னியின் மீள்குடியேற்றம் பற்றி வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு, போரால் சிதைந்த ஊர்களில் தண்ணீர், மின்சாரம், வைத்தியம், பதிவுச் சேவை ஆகியவை எவ்வாறு மீண்டு வருகின்றன எனக் கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. நீர்வழங்கல் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: போர் ஓய்ந்த ஊரில் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்? வீதியா, தண்ணீரா, மின்சாரமா, ஆஸ்பத்திரியா? (ஆசிரியை, வவுனியா)

இந்த நான்கையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பவை அலுவலகக் கோப்புகள்தாம். ஊரில் அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்கம்பி இழுக்க வீதி வேண்டும். வீதியோரத்தில் கம்பம் நடக் குழி தோண்ட வேண்டுமானால் அந்த மண்ணில் மிதிவெடி இருக்கக் கூடாது. ஆகவே வன்னியைப் பொறுத்தவரை உங்கள் கேள்விக்கு நேரான பதில், நீங்கள் குறிப்பிட்ட நான்கிலும் இல்லாத ஒன்று: மிதிவெடி அகற்றல்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்துப் பகுதியான முகமாலையில் கண்டி – யாழ்ப்பாணம் நெடுஞ்சாலையான ஏ-9 வீதியும் ரயில் பாதையும் கடக்கும் நிலம் பல ஆண்டுகள் போர்முனையாக இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் முழந்தாளிட்டு, நீண்ட பிடியுள்ள முள்வாரியால் மண்ணைப் படைபடையாக வருடி எடுத்தார்கள். அவர்களில் பலர் குடும்பத்தைத் தனியே தாங்கிய பெண்கள். எந்த ஊருக்கு எப்போது தண்ணீர் வரும் என்பதைத் தீர்மானித்தது எங்கள் வரைபடத்தைவிட அவர்களுடைய முள்வாரியின் வேகமே என்பதைத் துறையில் இருந்த நாங்கள் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கும் ஒரு வரிசை உண்டு. கிணறு, கிணற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, வீட்டு வளவு, மலசலகூடம் அமையும் இடம், பள்ளிக்கூட முற்றம் ஆகியவை முன்னே வர வேண்டும். வயலும் பனங்கூடலும் அவற்றுக்குப் பின்னர்தான்.

அடுத்தது தண்ணீர். தண்ணீர் வர வேண்டுமானால் குழாய் போட வேண்டும் என்று பொருளல்ல. அவசரகால உதவிக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் ஸ்பியர் நியமங்களின்படி ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர், 250 பேருக்கு ஒரு குழாய், வீட்டிலிருந்து நீர் நிலைக்கு 500 மீற்றருக்கு மேற்படாத தூரம், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்பவை அடிப்படை. துலாவில் அள்ளி வாளி வாளியாய் வார்த்துக் குளித்துப் பழகிய நம் மக்களுக்கு 15 லீற்றர் என்பது முகம் கழுவி உலை வைக்கத்தான் காணும். அது உயிரைப் பிடித்து வைக்கும் அளவு, வாழும் அளவன்று. ஆனால் முதல் மாதத்துக்கென வகுத்த அளவே இரண்டாம் ஆண்டிலும் தொடர்ந்தால், அந்த அளவுக்கு மேல் கேட்பவர் பேராசைக்காரர்போலப் பார்க்கப்படுகிறார்.

2009 ஜனவரியில் கிளிநொச்சி நகர் கைமாறியபோது அங்கிருந்த பெரிய நீர்த்தாங்கி வேரோடு சாய்ந்த மரம்போல வீதியோரத்தில் விழுந்து கிடந்தது. அதன் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திரும்பி வந்த மக்களுக்கு முதலில் கிடைத்தவை பவுசரில் (தண்ணீர் லொறியில்) வந்த நீரும் பழைய கிணறுகளுமே. பவுசர் இல்லாமல் அந்தக் காலத்தைக் கடந்திருக்க முடியாது. என்றாலும், பவுசர் ஓடத் தொடங்கும் முதல் நாளிலேயே அது எந்தத் திகதியில் நிற்கும், அதற்குள் எந்தக் கிணறு அல்லது குழாய் அந்த வேலையை ஏற்கும் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படி எழுதாத இடங்களில் பவுசருக்குக் காத்திருப்பதே பெண்களின் அன்றாட வேலையாகிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழுவதையும் ஒரே மூச்சில் சரிசெய்யக் காத்திருக்கத் தேவையில்லை. 1945 ஆகஸ்ட் 6இல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில், ஆகஸ்ட் 9ஆம் திகதி நகரின் மேற்கே ஒரு சிறு துண்டுப் பாதையில் டிராம் வண்டி மீண்டும் ஓடியது. உறவினரைத் தேடி நடந்தவர்களுக்கு அந்தத் துண்டுப் பாதையும் பெரிய உதவியே.

கேள்வி: நாங்கள் 2010இல் திரும்பி வந்தபோது எங்கள் வளவுக் கிணற்றில் குப்பையும் இரும்பும் கிடந்தன. இறைத்துக் குளோரின் போட்டுத் தந்தார்கள். அது சரியான முறைதானா? கடற்கரை ஊரிலுள்ள என் தங்கையின் கிணறு இறைத்த பிறகு உவர்ந்துவிட்டதே, ஏன்? (குடும்பத் தலைவி, முல்லைத்தீவு மாவட்டம்)

முறை சரிதான் அம்மா, ஆனால் அதில் நான்கு படிகள் உண்டு. அவசரத்தில் அவற்றில் ஒன்றைத் தவிர்த்துவிட்டாலும் மற்ற மூன்றும் வீணாகும்.

முதற்படி, உள்ளே கிடப்பவை வெடிக்கக்கூடியவை அல்ல என்று பயிற்சி பெற்றவர் பார்த்து உறுதிசெய்வது. கைவிட்ட கிணறுகளில் வெடிபொருள்களைப் போட்டுவிட்டுப் போவது எல்லாப் போர்களிலும் நடந்திருக்கிறது. இரண்டாவது, நீரை இறைத்து, அடியில் படிந்த சேற்றை அள்ளி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவது. சேறு அடியில் கிடக்க மேலே குளோரின் போட்டால், மருந்து முழுவதையும் சேறே தின்றுவிடும். கிருமி அப்படியே இருக்கும்.

மூன்றாவது படி குளோரின். இதில் கண்மதிப்புக்கு இடமில்லை. கிணற்றில் ஊறி நிற்கும் நீரின் கொள்ளளவைக் கணக்கிட்டு, ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 25 கிராம் வீதம் உயர்செறிவுக் குளோரின் தூளை வாளி நீரில் கரைத்து ஊற்ற வேண்டும். 3 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 14 கன மீற்றர் நீர் இருக்கும். அதற்கு 350 கிராம் தூள் போதும். கடையில் கிடைக்கும் சாதாரண வெளிற்றும் தூளில் குளோரின் பாதியளவு அல்லது அதற்கும் குறைவு என்பதால் அளவைக் கூட்ட வேண்டும். நாட்பட்ட தூள், அதிலும் திறந்து வைத்த பையில் கிடந்தது, வீரியம் இழந்திருக்கும். ஓர் இரவு முழுவதும் யாரும் அள்ளாமல் விட்டு, மறுநாள் எஞ்சிய குளோரின் ஒரு லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மீண்டும் இறைத்துவிட்டுப் பின்னரே பாவிக்க வேண்டும்.

நான்காவது படி பலர் மறந்தது. கிணற்றைச் சுற்றிச் சீமெந்துத் தளமும் வெளியே வழிந்தோட வாய்க்காலும் இல்லையென்றால், சிந்தும் அழுக்கு நீர் மீண்டும் கிணற்றுக்குள்ளேயே ஊறும். ஒருமுறை போட்ட குளோரின் அன்றிருந்த கிருமியை மட்டுமே கொல்லும். நாளை வரும் கிருமிக்கு அது காவல் அல்ல. உங்கள் கிணற்றுக்குத் தளம் கட்டித் தரப்படவில்லை என்றால், அந்த வேலை பாதியில் நிற்கிறது என்றே கொள்ள வேண்டும். பிரதேச சபையிடம் அதைக் கேட்பது உங்கள் உரிமை. நீரைச் சோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இனி உங்கள் தங்கையின் கிணறு. கடலோர மண்ணில் மழைநீர் உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. அதாவது மேலே சிறிது குறைந்தாலும் கீழிருந்து உவர்நீர் மிகவும் உயர்ந்து வரும். கிணற்றைச் சுத்தம் செய்வதாக எண்ணி இயந்திரத்தால் மணிக்கணக்கில் இறைத்தால் அந்தப் படை உடைந்துவிடுகிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில் நல்லெண்ணத்தோடு மீண்டும் மீண்டும் இறைக்கப்பட்ட கிணறுகள் எதிர்பார்த்தபடி திருந்தவில்லை. அவற்றைத் திருத்தியது அடுத்தடுத்து வந்த மாரி மழையே. அந்தப் பாடம் 5 ஆண்டுகளுக்குள் வன்னிக் கரைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் தங்கை இனிமேல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வாளியால் மேல்நீரை மட்டும் அள்ளி, வரும் மாரிவரை பொறுத்துப் பார்க்கட்டும். அதுவரை குடிநீரை வேறிடத்திலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.

கேள்வி: வெளிச்சம் தருகிறோம் என்று வந்தவர்களால் எங்கள் கிணறுகள் எண்ணெயாகின. அபிவிருத்தி என்றால் இதுவா? (ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், சுன்னாகம்)

உங்கள் கோபம் நியாயமானது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணம் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, டீசல் போன்ற எண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கிகளை நம்பியே இருந்தது. போர் முடிந்தபின் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் வரை உயரழுத்தக் கம்பி வந்து சேரும்வரையும் அதற்குப் பின்னரும் எண்ணெய் மின்னிலையங்கள் ஓடின. அவற்றின் கழிவு எண்ணெய் நிலத்தில் இறங்கியது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல் பாறைக்குள் தேங்கிய மழைநீரையே. சுண்ணக்கல்லில் வெடிப்பும் குகையும் மிகுதி. ஓரிடத்தில் ஊற்றியது வடிகட்டப்படாமலே வேறோரிடத்துக்கு நகர்ந்துவிடும். இந்த நிலத்தில் எண்ணெய்க் கழிவைக் கவனமின்றிக் கையாள்வது, ஊர் முழுவதற்கும் பொதுவான ஒரே குடத்தில் கைவைப்பதற்குச் சமம். 2015இல் தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் வழங்குமாறு மின்னுற்பத்தி நிறுவனத்துக்கு ஆணையிட்டது. பல ஆண்டுகள் வெளியூர் நீரை நம்பிக் குழந்தை வளர்த்த வீடுகளுக்கு அந்தத் தொகையைப் பங்கிட்டால் எவ்வளவு வரும் என்று பார்த்தால் மனம் கனக்கிறது. ஆயினும் சுத்தமான நீருக்காக ஊரார் நீதிமன்றம் சென்று வென்றார்கள் என்பது இந்த நாட்டின் சட்டப் பதிவில் நிலைத்துவிட்டது.

போருக்குப் பின் வரும் ஒவ்வொரு சேவைக்கும் “அவசரம்” என்ற சொல் ஒரு கடவுச்சீட்டாகிவிடுகிறது. சுற்றாடல் ஆய்வு, கழிவுக்கான ஏற்பாடு, ஊராரின் சம்மதம் ஆகியவை அவசரத்தின் பெயரால் தள்ளிப்போடப்படுகின்றன. முதல் 3 மாதங்களுக்கு அதை நான் மன்னிப்பேன். 3 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே காரணத்தைச் சொல்வோரை மன்னிக்க மாட்டேன்.

கேள்வி: இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்க மறுத்தோம் என்று எங்களைச் சுயநலக்காரர் என்கிறார்கள். நாங்கள் செய்தது பிழையா? (விவசாயி, கிளிநொச்சி)

பிழையென்று நான் சொல்ல மாட்டேன். 1920களில் கட்டப்பட்ட இரணைமடுக்குளம் நெல்வயலுக்காக அமைந்தது. காலபோகத்துக்கு (மாரிப் பயிர்க்காலத்துக்கு) மழை கைகொடுத்தாலும், சிறுபோகத்தில் (கோடைப் பயிர்க்காலத்தில்) குளத்து நீர் வயல்களில் ஒரு பங்குக்கே போதும் என்பதால், யாருக்கு எத்தனை ஏக்கர் என்று ஆண்டுதோறும் கூட்டம் போட்டுப் பங்கிட்டு வாழ்பவர்கள் நீங்கள். நீங்கள் எல்லாவற்றையும் இழந்து திரும்பி வந்து, முதல் விளைச்சலுக்காகக் காத்திருந்த வேளையில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் கூடிய யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் அந்தக் குளத்தையே நீர்மூலமாக வைத்து வந்தது.

யாழ்ப்பாணத்தின் தேவையும் பொய்யன்று. நெருக்கமான குடியிருப்பில் மலக்குழியும் கிணறும் அருகருகே இருப்பதாலும் தோட்டங்களில் இடும் உரத்தாலும் குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, அனுமதிக்கப்பட்ட அளவான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. ஆகவே இது நல்லவருக்கும் கெட்டவருக்கும் நடந்த வழக்கன்று. இரு பக்கமும் தமிழ் உழவர்களும் தமிழ்த் தாய்மாரும் நின்றார்கள். இரு பக்கமும் போரால் அடிபட்டவர்கள். குளத்தைத் திருத்தினால் மேலதிக நீர் கிடைக்கும் என்று பொறியியலாளர்கள் சொன்ன கணக்கு தவறில்லாமல்கூட இருந்திருக்கலாம். ஆனால், வறட்சி ஆண்டில் முதலில் யாருடைய மதகு மூடப்படும் என்ற கேள்விக்கு, வாய்க்கால் அமைப்புகளின் உழவர்கள் நம்பும் வகையில் எழுத்தில் உறுதி வேண்டும். அந்த நம்பிக்கை உருவாகவில்லை. துறைசார்ந்தவன் என்ற முறையில் அந்தக் குறையில் எங்களைப் போன்றவர்களுக்கும் பங்குண்டு. கூட்டத்துக்கு முன்பே குழாயின் விட்டத்தைத் தீர்மானித்துவிட்டு வருவது எங்கள் பழக்கமாக இருந்தது.

முடிவில் இரணைமடுவுக்குப் பதிலாக, குடாநாட்டின் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் கொள்ளளவுடையது. சண்டை தீர்ந்தது என்ற வகையில் மகிழ்ச்சி. ஆனால் கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் மிகுதியாக வேண்டும். மின்கட்டணம் உயரும்போதெல்லாம் அந்த நீரின் விலையும் உயரும் என்பதை இப்போதே சபைகள் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேள்வி: உக்ரைனில் மின்சாரம் அடிக்கடி போய்விடுகிறது என்று செய்தி வருகிறது. இவ்வளவு வளர்ந்த நாட்டில் ஏன் உடனே திருத்த முடியவில்லை? குடிநீரைத் தாக்கக் கூடாது என்று சட்டம் இல்லையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

கம்பி அறுந்தால் ஒரு நாளில் கட்டலாம். உயரழுத்த மின்மாற்றி எரிந்தால், நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள அந்த இயந்திரத்தை அளவு சொல்லிச் செய்வித்து, கப்பலிலும் தனி ரயில் பெட்டியிலும் கொண்டுவர ஓர் ஆண்டுக்கும் மேலாகலாம். 2022 அக்டோபர் முதல் உக்ரைனில் இவையே குறிவைத்துத் தாக்கப்பட்டு வருகின்றன. போர் ஓயாத நாட்டில், திருத்தியது மறுபடி அடிபடும் என்று தெரிந்தே திருத்த வேண்டியிருக்கிறது. அந்தப் பணியாளர்களின் மனத்திண்மையை எண்ணிப் பார்க்கிறேன்.

நீருக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2022 ஏப்ரலில் மிக்கோலாயிவ் நகருக்கு நீர்கொண்டுவந்த பெருங்குழாய் சேதமடைந்தது. குழாய்கள் முழுதும் வறண்டு போகாமலிருக்க, கழிமுகத்து உவர்நீரை நகருக்குள் விட்டார்கள். மலசலகூடத்துக்கு நீர் கிடைத்தது. ஆனால் நகரத்து உலோகக் குழாய்கள் உள்ளிருந்தே அரித்துப் போயின. ஓரிடத்தில் விழுந்த சேதம் இப்படி நகரெங்கும் பரவியது.

சட்டம் இருக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதலாவது மேலதிக நெறிமுறையின் 54ஆம் பிரிவு, பொதுமக்கள் உயிர்வாழ இன்றியமையாத பயிர், குடிநீர் நிலையம், நீர்ப்பாசன வேலை ஆகியவற்றை, அவை மக்களுக்குக் கிடைக்காமற் செய்யும் நோக்கத்தோடு தாக்குவதைத் தடைசெய்கிறது. அதை மீறியவரை நீதிமன்றில் நிறுத்துவது அரிதாகவே நடக்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் வைத்தியசாலைக் கட்டடம் திறந்தார்கள், படம் பிடித்தார்கள். உள்ளே ஆள் இல்லை. இன்னொரு கேள்வி: என் மருமகன் 2009இல் காணாமற்போனவர். அவர் பெயரில் உள்ள காணிக்கு மகள் எதுவும் செய்ய முடியவில்லை. என்ன வழி? (மூதாட்டி, புதுக்குடியிருப்பு, பேத்தி எழுதித் தந்தது)

ஆச்சி, உங்கள் இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. சேவை என்பது கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளும் அவர் போடும் கையெழுத்தும்தான். கட்டடத்துக்கு நன்கொடையாளர் எளிதில் கிடைப்பார்கள். அதன் சுவரில் பெயர் பொறிக்கலாம். குடும்ப நல உத்தியோகத்தர் (மருத்துவமாது) ஒருவரின் 10 ஆண்டுச் சம்பளத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. வெளியூரிலிருந்து நியமிக்கப்படுபவர் மாற்றல் கேட்டுப் போய்விடுவது ஏன் என்று கேட்டால், தங்குமிடம் இல்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, மாலைக்குப் பின் பஸ் இல்லை என்பார்கள். அதனால்தான் விடுதியும் பஸ்ஸும் வைத்தியசாலைச் செலவிலேயே சேர வேண்டும் என்று நான் சொல்லி வருகிறேன். அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளையே பயிற்றுவித்து அங்கேயே நியமிப்பது இன்னும் நல்ல வழி.

காணியைப் பற்றி: போரில் வீடு எரிந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் காணிப் பத்திரமும் கூடவே எரிந்தன. பத்திரம் இல்லாதவருக்கு வீட்டுத்திட்டமும் இல்லை, கடனும் இல்லை. அதனால் பதிவுச் சேவையைத் தண்ணீருக்கு அடுத்தபடியாக வைப்பேன். உங்கள் மகளுக்குச் சட்டத்தில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின்கீழ் மரணச் சான்றிதழ் பெறுவது. அதைக் கேட்க உங்கள் மகளுக்கு மனம் வராது என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது; வரவும் வேண்டாம். 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், அவரைக் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு இடம் செய்யப்பட்டது. அதை எடுத்தால் கணவர் இறந்தார் என்று அவர் எங்கும் ஒப்பமிட வேண்டியதில்லை. தேடுவதை நிறுத்தவும் வேண்டியதில்லை.

பேத்தியை அழைத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளைக்குப் போங்கள். காணாமற்போனது பற்றி முன்பு எங்கெங்கு முறைப்பாடு செய்தீர்களோ அந்தப் பற்றுச்சீட்டுகள், திருமணப் பதிவு, கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை எடுத்துச் செல்லுங்கள். மூலப் பத்திரம் எதையும் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம். காணி உறுதிக்காணியா (சொந்த உறுதிப்பத்திரம் உள்ளதா), அரச அனுமதிப்பத்திரக் காணியா என்பதைப் பொறுத்து அடுத்த படி மாறும் என்பதால், அதையும் அங்குள்ள காணி உத்தியோகத்தரிடம் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நடமாடும் சேவை உங்கள் பக்கம் வரும் திகதியைக் கிராம அலுவலர் சொல்வார். பஸ் ஏறி அலைய உடம்பு இடங்கொடாவிட்டால் அந்த நாள்வரை பொறுத்திருந்து போகலாம்.